ஒரே இழுப்பில் ஒரு பச்சை

எலவனாசூர்கோட்டையில் செந்தமிழ்ச்செல்வி நடத்தும் பொம்மைப் பட்டறைக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. வாசலில் நுழைந்ததும் இடது கைப்பக்கம் வெள்ளை. காகிதக் கூழை அச்சில் அடைத்து எடுத்துக் காயவைத்த பொம்மைகள் அங்கேதான் வந்து குவியும். பெண்கள் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சுண்ணப்பொடிக் குழம்பில் முக்கி எடுப்பார்கள். மதியத்துக்குள் அவர்களுடைய புருவம், புடவை, டீ டம்ளர் எல்லாம் வெளுத்துப்போகும். வலது கைப்பக்கம் வர்ணம். அங்கே ஜன்னல் இருக்கிறது, நீள மேசை இருக்கிறது, மேசைக்கு இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. ஒன்றில் தமிழரசன் மேஸ்திரி உட்கார்ந்து வர்ணம் தீட்டுவார். இன்னொன்றில் இருந்த ஆள் பாண்டிச்சேரிக்கு வேலை மாறிப் போய்விட்டதால் அது காலியாகக் கிடந்தது.

ஜெயசுதா வெள்ளைப் பக்கத்துக்காரி. களமருதூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். அந்தக் காலி நாற்காலியில் தான் உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. புருஷன் சின்னராசுவிடம்கூடச் சொன்னதில்லை.

எதையும் வாய்விட்டுச் சொல்வது அவளுக்குப் பெரும்பாடு. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் கண்டக்டரிடம் "எறங்கணும்" என்று சொல்ல வாய் வராது. அடுத்த நிறுத்தத்தில் வேறு யாராவது இறங்கும்போது அவர்களோடு இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வருவாள். பள்ளிக்கூடம் நின்றதும் இப்படித்தான். ஏழாவது படிக்கும்போது அம்மா நடவு வயலில் வழுக்கி விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு போகத்துக்கு மட்டும் இவள் வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். போகம் முடிந்து பள்ளிக்கூடத்துக்குப் போனபோது அவள் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். "இது என் எடம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாசற்படியில் சற்று நேரம் நின்றுவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

பேச்சு இல்லாதவளுக்குப் பார்வை ஜாஸ்தி. காக்கை தலையைத் திருப்பும்போது கறுப்பு இறகில் ஒரு நீலம் ஓடி மறைவதை அவள் பார்த்திருக்கிறாள். உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் டீசல் சிந்திய தண்ணீரில் ஊதாவும் பச்சையும் வளையம் வளையமாக விரிவதை, பஸ்ஸைத் தவறவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த நிறங்களுக்கு அடியிலிருந்து ஏதோ ஒரு வெளிச்சம் வருகிறது. மேஸ்திரி தீட்டும் வர்ணங்களில் அது இல்லை. அவர் பச்சை அடித்தால் அது பச்சை, அவ்வளவுதான். நல்ல பச்சைதான்.

வெள்ளைப் பக்கத்தில் அவளுக்குப் பக்கத்துச் சாக்கு நர்மதாவுடையது. நர்மதா கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைக்கு அந்தாண்டை ஊர். புருஷனுக்குச் செங்கல் சூளையில் வேலை என்று மலையிலிருந்து இறங்கிக் கோட்டையில் வாடகைக்குக் குடியிருந்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

"சுதாக்கா, நீ அந்த நாற்காலியப் பாக்கற பார்வையில அது எழுந்து நடந்து வந்துரும் போல கீது."

"சும்மா இருடி. யாராவது கேட்டுறப் போறாங்க."

"கேட்டா இன்னா? கீழ்நாட்டு ஜனங்களே இப்பிடித்தான். பசிச்சாக்கூட வாயத் தொறக்க மாட்டீங்க."

வைகாசிக் கடைசியில் ஒருநாள் திருநாவலூரிலிருந்து கோதண்ட வாத்தியார் பட்டறைக்கு வந்தார். தெருக்கூத்து ஜமா வைத்திருப்பவர். துரியோதனன் வேஷம் கட்டினால் ஊரே எழுந்து உட்காரும். ஒரு கோணிப்பையிலிருந்து தன் கிரீடத்தை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும் ஒட்டிய கிரீடம். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் மேற்கூரையெல்லாம் பச்சையும் சிவப்புமாகப் பொட்டுப் பொட்டாக ஆடியது. வெள்ளைப் பக்கத்துப் பெண்கள் உப்புத்தாளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

"செல்வி, எனக்குப் பாரதக் கூத்து முச்சூடும் பொம்மையா வேணும்," என்றார். "துரியோதனன், பாஞ்சாலி, கட்டியங்காரன், அல்லாரும். ஆனா விரல் உசரந்தான் இருக்கணும். இந்த வருசம் எங்கள அழைச்ச ஊருங்களுக்கெல்லாம் ஒரு பொட்டியில வெச்சிக் குடுக்கப் போறோம்."

"செஞ்சிரலாம் வாத்தியாரே," என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

"செய்வ. அச்சு எடுக்கறது பெரிசில்ல. இந்தப் பச்சை பாரு." கிரீடத்தின் நெற்றியில் விரலை வைத்தார். "உள்ளாற தகரம் மின்னுது, மேலாக்கப் பச்சை நிக்கிது. அந்த மாதிரி வேணும். அது வந்தாத்தான் கூத்து. வரலன்னா அது கொலுப் பொம்மை. மொதல்ல ஒரே ஒரு துரியோதனன் போட்டுக் காட்டு."

ஒரு வாரம் தமிழரசன் மேஸ்திரி அந்தப் பச்சையோடு மல்லுக்கட்டினார். கள்ளக்குறிச்சிக் கடையிலிருந்து மினுக்குப் பச்சை டப்பாவில் வாங்கி வந்தார். பெரிய பொம்மையில் அடித்தால் அது நன்றாகத்தான் இருக்கும். விரல் உயரப் பொம்மையில் மினுக்குத் துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"மேஸ்திரி, துரியோதனன் மேல மணல் லாரி கவுந்துட்ச்சா?" என்றாள் நர்மதா.

"நீ உன் வேலையப் பாரு. மலையிலேர்ந்து எறங்கி வந்து என்னக் கிண்டல் பண்ணிக்கினு."

அடுத்து அவர் ஜிகினாத் தாளையே நகத்தளவு வெட்டி ஒட்டிப் பார்த்தார். அவ்வளவு சிறிய கிரீடத்தில் தாளின் விளிம்பு பலகை மாதிரித் தடித்து நின்றது. கடைசியில் பச்சை அடித்து, அதன்மேல் வெள்ளிக் கோடு இழுத்து வைத்தார். வாத்தியார் வந்து, பொம்மையைக் கையில் எடுத்து, தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தமிழரசா, கோச்சிக்காத. இது துரியோதனன் இல்ல. மினிபஸ்ஸு."

மேஸ்திரிக்கு முகம் சுண்டிப்போனது. வாத்தியார் போகும்போது, "வர்ற வெள்ளிக்கெழம வர்றேன். அப்பவும் இல்லன்னா நான் வேற எடம் பாத்துக்கறேன் செல்வி, வருத்தப்படாத," என்று சொல்லிவிட்டுப் போனார்.

செந்தமிழ்ச்செல்வி இடுப்பில் கை வைத்தபடி பட்டறை நடுவில் நின்றாள். "அல்லாரும் கேட்டுக்குங்க. அந்தப் பச்சைய யாரு கொண்டாறாங்களோ, அவங்கதான் கூத்து செட்டு முச்சூடும் தீட்டப் போறாங்க. அந்த நாற்காலியும் அவங்களுக்குத்தான். வெள்ளையா இருந்தாலும் சரி, வர்ணமா இருந்தாலும் சரி."

ஜெயசுதாவின் கையில் இருந்த உப்புத்தாள் பொம்மையின் மூக்கைத் தேய்த்துத் தட்டையாக்கிவிட்டது. அவளுக்கு அந்தப் பச்சை தெரியும். பச்சையாக இல்லை. சிவப்பாகத் தெரியும்.

மூன்று பொங்கலுக்கு முன்னால் நடந்தது அது. களமருதூரில் மாட்டுப் பொங்கலன்று கொம்பின் நிறத்தை வைத்தே வீட்டுக்காரன் எந்தக் கட்சி என்று சொல்லிவிடுவார்கள். சின்னராசு அந்த வருஷம் எந்தக் கட்சியோடும் சரியில்லை. வீட்டில் மோட்டார் கொட்டகைக் கதவுக்கு வாங்கிய வெள்ளிப் பெயிண்ட் மீதி இருந்தது. "அத்தயே அடிச்சிவுடு," என்றான். மாட்டுக்குக் கொம்பு தீட்டுவது எப்போதும் ஜெயசுதாதான். மாட்டிடம் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும். அடித்து முடித்து மாட்டைத் தெருவுக்கு ஓட்டினால், எதிர்வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். "இன்னா சின்னராசு, மாட்டுக்குத் தகரக் கொம்பு மொளச்சிருக்குது?" என்று கேட்டார்கள்.

ஜெயசுதாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தாள். கொழுந்தன் அஜித் கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பப் பட்டறையில் பாலிஷ் போடுகிறவன். கதவுக்குப் போட்டு மீந்த சிவப்புப் பாலிஷ் ஒரு சீசாவில் அடுக்களை மாடத்தில் இருந்தது. அரக்கைச் சாராயத்தில் கரைத்துச் சாயப்பொடி கலந்தது. பெயிண்ட் மாதிரி மறைக்காது, கண்ணாடி மாதிரி அடியில் இருப்பதைக் காட்டும். அது அவளுக்கு அப்போது தெரியாது. தகரத்தை மறைத்தால் போதும் என்று நினைத்துத்தான் எடுத்துத் தீட்டினாள். கொம்பு மறையவில்லை. எரிந்தது. புளி போட்டுத் துலக்கிய செம்புக் குடத்தை வெயிலில் கவிழ்த்து வைத்த மாதிரி இரண்டு கொம்பும் தகதகவென்று நின்றன. சிரித்தவர்களே வந்து தொட்டுப் பார்த்தார்கள். எந்தக் கட்சி நிறம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சின்னராசு அன்று முழுக்க மாட்டோடு தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

செந்தமிழ்ச்செல்வி நாற்காலியைப் பற்றிச் சொன்ன அன்று சாயந்திரமே ஜெயசுதா அஜித்துக்குப் போன் போட்டாள். போன் போடுவதே அபூர்வம் என்பதால் அவன் பயந்துவிட்டான்.

"இன்னா அண்ணி? வூட்ல அல்லாரும் நல்லாத்தான கீறாங்க?"

"நல்லாத்தான் கீறாங்க தம்பி. கொஞ்சம் பாலிஷ் வேணும். பச்சைப் பொடி போட்டு."

"பச்சைப் பாலிஷா? எந்தக் கதவுக்கு?"

"கதவுக்கு இல்ல. துரியோதனனுக்கு."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனாலும் மறுநாளே பஸ்ஸில் இரண்டு சீசா கொடுத்தனுப்பினான். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.

பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரம். மேஸ்திரி டீக்கடைக்குப் போயிருந்தார். செந்தமிழ்ச்செல்வி காகிதக் கட்டு எடுக்கக் கள்ளக்குறிச்சி போயிருந்தாள். ஜெயசுதா கை உடைந்து ஒதுக்கிய ஒரு துரியோதனனை எடுத்தாள். அடியில் ஓட்டை போட்டு ஈர்க்குச்சியில் சொருகினாள். தீட்டுவதற்கு வசதியாகச் சிறு பொம்மைகளை அப்படித்தான் பிடிப்பார்கள். காலையிலேயே அதற்கும் இன்னும் சில உடைசல்களுக்கும் கிரீடத்திலும் மார்ப்பதக்கத்திலும் வெள்ளி அடித்துக் காயவைத்திருந்தாள். சாக்கின்மேல் சுருண்டு உட்கார்ந்துகொண்டு, யாருக்கும் முதுகைக் காட்டி, பச்சைப் பாலிஷைத் தொட்டு வைத்தாள்.

கலங்கிவிட்டது. குளத்துப் பாசி மாதிரித் திட்டுத்திட்டாக நின்றது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் அதேதான். இன்னொரு பொம்மையில் வைத்தாள். அது இன்னும் மோசம். கொம்பில் வந்தது கிரீடத்தில் ஏன் வரவில்லை? அதே வெள்ளி, அதே பாலிஷ், அதே கை.

"சாணி மாதிரி கீதுக்கா," என்றாள் நர்மதா, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பசுஞ்சாணி. நல்ல சாணிதான்," என்று சேர்த்துக்கொண்டாள்.

ஜெயசுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கிரீடத்தின் ஓரத்தில், காதுக்கு மேலே, எள்ளளவு இடம் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. அங்கே அவள் தூரிகை ஒருமுறைதான் போயிருந்தது. மற்ற இடத்தில் எல்லாம் சரியாக இல்லையோ என்று திரும்பத் திரும்பப் போய்த் தடவியிருந்தாள். பாலிஷ் தொட்டதுமே இறுக ஆரம்பிக்கிற சாமான். இறுகுவதன்மேல் மறுபடி தூரிகை போனால் இழுத்துக் கலக்கிவிடுகிறது.

கொம்பு தீட்டும்போது அவள் ஒருநாளும் திரும்பப் போனதில்லை. போக முடியாது. மாடு நிற்காது. தலையைச் சிலுப்பும், வாலை அடிக்கும், ஈயை விரட்டும். கொம்பு கைக்கு வருகிற அந்த ஒரு நொடியில் அடியில் வைத்து நுனிவரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்து எடுத்துவிட வேண்டும். இரண்டாம் தடவை போனால் கண்ணில் கொம்பு. சிறுபிள்ளையிலிருந்து அப்படித் தீட்டிப் பழகிய கை அது. பொம்மை அசையாமல் நின்று கொடுக்கிறது. நின்று கொடுப்பதால் கைக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. வாத்தியார் என்ன சொல்வாரோ, செல்வியக்கா என்ன சொல்வாளோ என்று மனசு கையைத் திரும்ப இழுத்துக்கொண்டு போகிறது.

ஒரே இழுப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இன்னொரு பொம்மையில் வைத்தாள். வைத்தாள், இழுத்தாள், எடுத்தாள். எடுத்த தூரிகை தானாகவே திரும்பிப் போய் ஒரு தடவு தடவிவிட்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

தூரிகையைப் புடவை ஓரத்தில் துடைத்தாள். பிறகு நர்மதா பக்கம் திரும்பினாள்.

"நர்மதா, இத்தப் புடி."

"இன்னாக்கா?"

"இந்தக் குச்சியப் புடிச்சிக்கினு ஆட்டு."

"எப்பிடி ஆட்டறது?"

"மாடு தலையச் சிலுப்புற மாதிரி."

நர்மதா எழுந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் மலையில் சாமைக் கதிர் அடிக்கப் பிணை மாடு ஓட்டியவள். மாடு எப்படிச் சிலுப்பும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. துரியோதனனைக் குச்சியோடு பிடித்து இடதுபக்கம் ஒரு வெட்டு வெட்டினாள், வலதுபக்கம் ஒரு சிலுப்பு சிலுப்பினாள், நடுவில் ஒரு கணம் நிறுத்தி ஈயை விரட்டுகிற மாதிரிக் கீழே ஒரு குத்துக் குத்தினாள். "ம்ம்மா" என்று வேறு கத்தினாள்.

"கத்தாதடி!"

"மாடுன்னா கத்தாதா? ஹேய், அந்தாண்ட போ, முட்டிருவேன்!"

வெள்ளைப் பக்கத்துப் பெண்கள் சோற்றுக் கையோடு வந்து சுற்றி நின்று சிரித்தார்கள். ஜெயசுதாவுக்கு அது எதுவும் காதில் விழவில்லை. அவள் கண் கிரீடத்தின் மேலேயே இருந்தது. அது அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது. வருகிறபோது கை தானாகப் போய், அடியில் வைத்து, நுனிவரைக்கும் இழுத்து, வெளியே வந்துவிட்டது. திரும்பிப் போக நேரம் இல்லை. கிரீடம் அதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது.

"நிறுத்து."

நர்மதா நிறுத்தினாள். யாரும் சிரிக்கவில்லை.

நாற்றங்காலில் காலை வெயில் விழும்போது பயிருக்கு அடியிலிருந்து வெளிச்சம் வருகிற மாதிரி ஒரு பச்சை இருக்கிறது. அரக்கின் தேன் நிறமும் பச்சைப் பொடியும் சேர்ந்து அந்தப் பச்சை, பட்டாணி அளவுக் கிரீடத்தின்மேல் நின்றது. குச்சியைச் சாய்த்தால் உள்ளே வெள்ளி நகர்ந்தது. மேலே பச்சை அப்படியே இருந்தது. ஒரு துகள் கிடையாது, ஒரு கோடு கிடையாது.

"அக்கா," என்றாள் நர்மதா, குரலைத் தாழ்த்தி. அவள் குரலைத் தாழ்த்தி யாரும் கேட்டதில்லை. "அக்கா, இது நெசமாலுமே வெளக்கு வெச்ச மாதிரி கீதுக்கா."

டீக்கடையிலிருந்து திரும்பிய தமிழரசன் மேஸ்திரி கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இங்க, யாருக்கு சாமி வந்துட்ச்சு?" என்று கேட்டபடி வந்தார். ஒரு பெண் பொம்மையை நீட்டினாள். அவர் அதை வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோனார். முன்னும் பின்னும் திருப்பினார். பிறகு அதைத் தன் மேசைமேல், நல்ல வெளிச்சத்தில், வாத்தியார் வந்தால் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் ஊன்றி வைத்தார். எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வாத்தியார் சொன்னபடி வந்தார். செந்தமிழ்ச்செல்வியும் அப்போதுதான் வந்து ஸ்கூட்டியை நிறுத்தினாள். முதல்நாள் நடந்தது அவளுக்கு எதுவும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே நுழைந்தார்கள். வாத்தியார் மேசையை நெருங்குமுன்பே நின்றுவிட்டார்.

"யப்பா," என்றார்.

கோணிப்பையைத் திறந்து கிரீடத்தை எடுத்துப் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தார். முழங்கை உயரக் கிரீடம் ஒன்று, பட்டாணி அளவுக் கிரீடம் ஒன்று. இரண்டிலும் ஒரே பச்சை. வாத்தியார் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், பிறகு தமிழரசன் மேஸ்திரியின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"தமிழரசா! சாதிச்சிட்ட! மினிபஸ்ஸுன்னு சொன்ன வாயிக்கு சூடுதான் போடணும்!"

"எனக்குத் தெரியும் மேஸ்திரி, நீங்க வுட மாட்டீங்கன்னு," என்றாள் செந்தமிழ்ச்செல்வி, முகமெல்லாம் சிரிப்பாக.

மேஸ்திரி வாயைத் திறந்தார். மூடினார். தொண்டையைச் செருமினார்.

வெள்ளைப் பக்கத்தில் நர்மதா ஜெயசுதாவின் தொடையில் கிள்ளினாள். இந்த இடம் ஜெயசுதாவுக்குத் தெரிந்த இடம்தான். இங்கே சும்மா இருந்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்காருவார்கள், அவள் உப்புத்தாளை எடுத்துக்கொள்வாள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நர்மதா வாயைத் திறக்கப் போகிறாள் என்று தெரிந்தது. ஜெயசுதா அவள் வாயைத் தன் வெள்ளைக் கையால் பொத்தினாள். பொத்திக்கொண்டே எழுந்தாள்.

"அது நான் போட்டது!"

எவ்வளவு சத்தம் தேவை என்று பழக்கமில்லாததால் அது கூத்து மேடையிலிருந்து வந்த மாதிரி வந்துவிட்டது. ஓட்டின்மேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் படபடவென்று பறந்தன. செந்தமிழ்ச்செல்வி கையிலிருந்த ஸ்கூட்டிச் சாவியைக் கீழே போட்டுவிட்டாள்.

"நானும் அத்தத்தாம்மா சொல்ல வந்தேன்," என்றார் மேஸ்திரி. "அதுக்குள்ள இப்பிடியா கத்துவ? குலையே நடுங்கிப்போச்சு."

"சொல்றதுக்கு இவ்ளோ நேரமா மேஸ்திரி?" என்றாள் நர்மதா, பொத்திய கையை விலக்கிக்கொண்டு.

"தொண்ட அடச்சிக்கிச்சு."

"அடைக்கும், அடைக்கும்."

வாத்தியார் ஜெயசுதாவை ஏற இறங்கப் பார்த்தார். புருவம்வரை வெள்ளையாக நின்றாள் அவள். "பச்சை சரிம்மா. ஒண்ணு தற்செயலா வந்துரும். எனக்குப் பொட்டி பொட்டியா வேணும். மார்ப்பதக்கத்துக்குச் சிவப்பு. என் கண்ணு முன்னால ஒண்ணு போடு, பாக்கலாம்."

அவள் சிவப்புச் சீசாவை எடுத்து வந்தாள். வெள்ளி அடித்துக் காய்ந்த இன்னொரு துரியோதனனை எடுத்து நர்மதாவிடம் நீட்டினாள். "புடிடி. ஆட்டு."

"ஆட்டறதா? எதுக்கு ஆட்டறது?" என்றார் வாத்தியார்.

ஜெயசுதா சொன்னாள். கொம்பைப் பற்றிச் சொன்னாள், மாடு நிற்காததைச் சொன்னாள், நிற்கிற பொம்மையில் கை திரும்பிப் போய்க் கெடுப்பதைச் சொன்னாள். இவ்வளவு நீளமாக அவள் பேசி அந்தப் பட்டறை கேட்டதில்லை. வாத்தியார் கேட்கக் கேட்க அவர் முகம் விரிந்துகொண்டே போனது.

"அட, ஆடறதுதான என் தொழிலு!" என்று குச்சியை நர்மதாவிடமிருந்து பிடுங்கினார். "நான் ஆட்டறேன். துரியோதனன மாடு மாதிரி ஆட்டினா அவனுக்கு மரியாத இல்ல."

வேட்டியை மடித்துக் கட்டினார். காலில் சலங்கை இல்லாமலே தரையில் ஒரு மிதி மிதித்தார். சுண்ணப்பொடி புகையாக எழுந்தது. வாயாலேயே தாளம் சொல்லிக்கொண்டு, வலது கையில் பொம்மையை நிமிர்த்திப் பிடித்து, கூத்தில் ராஜா சபைக்கு வருகிற நடையைப் போட்டார். விரல் உயரத் துரியோதனன் அவரோடு கிறுகிறுவென்று சுற்றினான், எகிறினான், மார்பை நிமிர்த்தி நின்றான், மறுபடி சுற்றினான். ஜெயசுதா தூரிகையோடு அவர் எதிரில் பக்கவாட்டாக நகர்ந்துகொண்டே போனாள். ஒவ்வொரு தடவை மார்ப்பதக்கம் அவள் பக்கம் திரும்பும்போதும் ஒரு இழுப்பு. அவ்வளவுதான். வலது ஓரம். இடது ஓரம். கடைசியாக நடுவில் ஒன்று. கிட்டத்தட்ட இரண்டு பேரும் சேர்ந்து ஆடின மாதிரித்தான் இருந்தது.

"போதும் வாத்தியாரே," என்றாள்.

அவர் மூச்சு வாங்க நின்றார். பொம்மையைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். மார்ப்பதக்கம் தணல் மாதிரி உள்ளிருந்து சிவந்துகொண்டிருந்தது. வெள்ளைப் பக்கத்திலிருந்து கைதட்டல் எழுந்தது. தட்டின ஒவ்வொரு கையிலிருந்தும் சுண்ணப்பொடி பறந்தது.

"செல்வி," என்றார் வாத்தியார், பொம்மையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "பொம்மை உன் பட்டறையில. ஆனா என் ஜமாவுல ஒரு ஆளு கம்மியா இருக்குது. இந்தம்மாவ எனக்குக் குடுத்துடறியா?"

"குடுக்க மாட்டேன் வாத்தியாரே. அவங்க எடம் அது." செந்தமிழ்ச்செல்வி ஜன்னலோர நாற்காலியைக் காட்டினாள்.

ஜெயசுதா போய் உட்கார்ந்தாள். அது உயரமான நாற்காலி. கால் தரையில் எட்டவில்லை. கொஞ்ச நேரம் தொங்கவிட்டுப் பார்த்தாள். சரிப்படவில்லை. காலை மடக்கி நாற்காலியின்மேலேயே சம்மணம் போட்டுக்கொண்டாள். அவள் புடவையிலிருந்து சுண்ணம் கொட்டி மேஸ்திரியின் மஞ்சள் கிண்ணத்தில் விழுந்தது.

"பாத்தும்மா, பாத்து," என்றார் மேஸ்திரி.

"நீங்க கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க மேஸ்திரி. வெளிச்சம் எனக்கு வரல."

அவர் நாற்காலியை இழுத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

வாத்தியார் கிரீடத்தைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார். "அடுத்தது பாஞ்சாலி. அவளுக்கும் இதே செவப்ப வெச்சிரு."

"வேணாம் வாத்தியாரே," என்றாள் ஜெயசுதா.

"வேணாமா? ஏன்?"

"துரியோதனனுக்கு வெச்ச செவப்ப அவளுக்கு எப்பிடி வெக்கறது? அவ சபையில தனியா நிக்கிறவ. அல்லாரும் அவளத்தான் பாக்கறாங்க. அவ பக்கம் திரும்பினா கண்ணு கூசணும்." பச்சைச் சீசாவையும் சிவப்புச் சீசாவையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இரண்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "ஊதா வேணும். காக்கா எறக மாதிரி. இல்லன்னா டீசல் தண்ணியில வர்ற மாதிரி. எங்க கொழுந்தனக் கேட்டுப் பாக்கறேன்."

வாத்தியார் பையின் வாயைக் கட்டினார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன் இஷ்டம்மா," என்றார்.

ஜெயசுதா போனை எடுத்து அஜித்துக்கு அடித்தாள். அவன் எடுத்ததும், பட்டறையில் அத்தனை பேரும் கேட்கும்படி, "தம்பி, ஊதாப் பொடி இருக்குதா?" என்றாள்.